வண்டி என்று பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஏற்காடு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்பதாவதோ பத்தாவதோ, அங்கே வைத்துத்தான் எங்கள் சாம்பார் குண்டான் கவிழ்ந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, மேலே துண்டு போட்டுக் கட்டியும் இருந்தது, ஆனால் குண்டானுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. வழவழவென்று மைக்கா ஒட்டிய பலகை. எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது, நான் சட்டென்று ஒடித்துத் திருப்பினேன், பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி முழுக்கப் பெருங்காய வாசம். அந்த வாசம் போக மூன்று வாரம் ஆனது. பலகை இடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்த முருங்கைக்காய்ச் சக்கை ஒன்றை ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போதுதான் கண்டுபிடித்தோம்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான், வண்டியில் சமைப்பது என் கணவர். அத்தை மேற்பார்வை. சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் வீடு என்பதால் மலை எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி, நினைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் ஏறிவிடலாம். வண்டி பழைய மாருதி ஆம்னி வேன். கேம்பர் வேன் என்று சொன்னால் வெளிநாட்டுப் படங்களில் வருகிற மாதிரி சிங்க், பிரிட்ஜ் எல்லாம் வைத்த வண்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பின் சீட்டை மடக்கினால் கிடைக்கிற இடத்தில் ஒரு மெத்தை, சமையல் சாமான், தண்ணீர் கேன், அவ்வளவுதான். வண்டியின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும், அந்த வம்புக்கே நாங்கள் போகவில்லை, எதையும் வெல்டு வைக்காமல் கழற்றி மாட்டுகிற மாதிரியே வைத்துக்கொண்டோம்.

முதலில் செய்த தப்பு அந்தப் பலகைதான். தச்சரைக் கூப்பிட்டு பிளைவுட்டில் மூன்று டிராயர் வைத்து ஒரு அலமாரி செய்தோம். பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் வீட்டு டிராயருக்கு யாரும் பூட்டு வைப்பதில்லை, மலைப்பாதைக்கு அது வேண்டும் என்று தச்சருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு டிராயர் வெளியே வந்து நாக்கை நீட்டும். மேலே மார்கழிப் பனியில் இரண்டு ராத்திரி நின்றதில் பலகை ஊதி, நடு டிராயர் திறக்கவே மாட்டேன் என்றது, கரண்டி எல்லாம் அதற்குள்தான். என் கணவர் சட்டகப்பையே இல்லாமல் தட்டின் விளிம்பால் உப்புமா கிளறினார்.

பலகையைக் கழற்றிவிட்டு மார்க்கெட்டில் தக்காளி வைத்து வருகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டு வாங்கினோம். காற்று போகும், கழுவலாம், ஒன்றின் மேல் ஒன்று உட்காரும், இறக்கி வீட்டுக்குள் தூக்கிப்போகலாம். அடியில் பழைய ரப்பர் மிதியடியை வெட்டிப் போட்டோம், அதற்குப் பிறகு கிரேட் ஒரு அங்குலம்கூட நகர்ந்தது கிடையாது. பைக்கில் பெட்டி கட்டுகிற கொக்கி வைத்த ரப்பர் கயிறு இரண்டு, குறுக்கும் நெடுக்குமாக. செலவு அலமாரிக்கு ஆனதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதிலிருந்துதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பாத்திரம் வாங்கிவிட்டு வைக்க இடம் தேடக்கூடாது. பெட்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் என்ன அடங்குமோ அதை வாங்க வேண்டும். சொல்லக் கேட்டால் சின்ன விஷயம், ஆனால் எனக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆனது.

காலி கிரேட்டைத் தூக்கிக்கொண்டே செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக் கடைக்குப் போனேன். "இதுக்குள்ள அடங்குற மாதிரி குண்டான் குடுங்கண்ணா" என்றேன். கடைக்காரர் கிரேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் எத்தன பேருக்குச் சமைக்கணும்னு சொல்லுவாங்க, நீங்க பொட்டி அளவு சொல்றீங்களேம்மா." ஆனால் மனிதர் விஷயம் தெரிந்தவர். விவரம் சொன்னதும், பிடி வைத்த எதையும் எடுக்காதீர்கள் என்றார். பிடி இல்லாத குண்டான் மூன்று, ஒன்றுக்குள் ஒன்று போகிற அளவில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடுக்கி. மூடிக்குப் பதில் சிப்பல் தட்டு, மூடவும் ஆகும், சாப்பிடவும் ஆகும், காய் நறுக்கிப் போடவும் ஆகும். எடை போட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால் லேசானதாக எடுக்க மனசு வரும், அதைச் செய்யாதீர்கள். சின்ன அடுப்பின் தீ நட்டநடுவில் ஒரு இடத்தில்தான் குத்தும், தகடு மெல்லிசாக இருந்தால் அந்த இடத்தில் வட்டமாக அடிப்பிடித்துவிடும். அடி கனமாக இருக்க வேண்டும், பக்கம் மெல்லிசாக இருந்தால் பரவாயில்லை.

சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வர் என்றாலே இரும்பாலை நினைவுதான், உண்மையில் அங்கே வருவது தகடும் சுருளும்தான், பாத்திரமாக அடிப்பது வேறு இடங்களில். வாங்கும்போது 304 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். வீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வண்டியில் அரைகுறையாகத் துடைத்து, புளியும் உப்பும் ஒட்டின ஈரத்தோடு அடுக்கி மூடிவைப்போம் பாருங்கள், அங்கேதான் 202 புள்ளி புள்ளியாகக் கறுக்க ஆரம்பிக்கும். அலுமினியம் லேசு என்று சிலர் சொல்வார்கள், புளிக்குழம்பு வைக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டுகிற ஆளுக்குத்தான் அந்தக் கொடுமை. எவர்சில்வர் டம்ளர் நான்கு ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் காதுக்குள் ஜால்ராதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் துணி வையுங்கள். நாங்கள் பழைய தேங்காய்ப்பூத் துண்டைச் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறோம், அதுவே கைப்பிடித் துணி, அதுவே துடைக்கிற துணி. டம்ளருக்கு மகளின் பழைய ஸ்கூல் சாக்ஸ். அத்தைக்கு இது பிடிக்கவில்லை, "துவைச்சதுதான் அத்தை" என்று நான் பத்துத் தடவை சொன்னாலும் அவர் டம்ளரை ஒருமுறை கழுவிவிட்டுத்தான் காபி ஊற்றுவார்.

அடுக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறும்போது எல்லாம் பின்னால் சரியும், இறங்கும்போது முன்னால் வரும், வளைவில் பக்கவாட்டில் போகும். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஆம்னியின் பின் கதவைத் தூக்கியவுடன் ஒரு சொம்பு என் கால் கட்டைவிரலில் விழுந்த அனுபவத்தில் சொல்கிறேன், கதவை ஒட்டி எடையுள்ள எதையும் வைக்காதீர்கள். அரிசி, தண்ணீர், தோசைக்கல் இதெல்லாம் தரையோடு தரையாக, முடிந்தவரை வண்டியின் நடுவில். மேல் கிரேட்டில் லேசான சாமான் மட்டும். ஆம்னிக்கு முன் சீட்டின் அடியிலேயே இன்ஜின், ஏற்றத்தில் அந்த இடம் தகிக்கும், ஆகவே காய்கறியும் கேஸும் அந்தப் பக்கமே வேண்டாம்.

அடுத்தது குக்கர் கதை. நாகலூர் பக்கம் தெரிந்தவரின் காபித் தோட்டத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ராத்திரி தங்கினோம். எல்லாம் எடுத்துவந்திருந்தோம், குக்கரின் வெயிட் மட்டும் வீட்டில் சிங்க் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சரி, திறந்து வைத்தே பருப்பை வேகவைக்கலாம் என்று என் கணவர் உட்கார்ந்தார். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், சேலத்தில் என்றால் 99. நான்கு டிகிரிதானே என்று தோன்றும். ஒன்றரை மணி நேரம் கழித்தும் துவரம்பருப்பு முழுசு முழுசாக முறைத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு எரித்தாலும் கொதிக்கிற தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது, கேஸ்தான் தீரும். கடைசியில் அதில் தேங்காயைப் போட்டுச் சுண்டல் மாதிரி சாப்பிட்டோம். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வெயிட் இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, மலை மேலேயும் 115 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே மலைப்பயணத்துக்கு மற்ற எது இல்லாவிட்டாலும் ஒரு சின்ன குக்கர் கட்டாயம். இப்போது வெயிட்டை ஒரு நூல் கயிற்றில் கோத்துக் குக்கரின் காதிலேயே கட்டியிருக்கிறது. நீளப் பிடி வைத்த குக்கர் கிரேட்டில் உட்காராது. முதலில் ஒவ்வொரு தடவையும் பிடியைத் திருகிக் கழற்றினோம், ஸ்க்ரூ புல்லில் விழுந்து தேடினது இரண்டு தடவை. அப்புறம் இரண்டு பக்கமும் குட்டைக் காது வைத்த இரண்டு லிட்டர் குக்கரே வாங்கிவிட்டோம். குக்கரைக் காலியாகக் கொண்டுபோவது இடத்துக்குச் செய்கிற துரோகம். அதற்குள் பருப்புப் பொட்டலம், கூடுதல் கேஸ்கட், லைட்டர் எல்லாம் போகும்.

சோற்றுக்கு நாங்கள் குக்கர் வைப்பதில்லை. தெர்மல் குக்கர்தான், அரிசியைக் கொதிக்கவிட்டு அந்தப் பெரிய கூட்டுக்குள் இறக்கிவிட்டால் தானாக வேகும் பாருங்கள், அது. வீட்டிலேயே கேஸில் கொதிக்கவைத்து, உள்ளே இறக்கி மூடிவிட்டுக் கிளம்புவோம். நாங்கள் மலை ஏறுகிற நேரத்தில் அது சோறாகிவிடும், போய் வடித்தால் சாப்பாடு. ஆனால் அது உயரமும் பருமனுமான ஆள், எந்தப் பெட்டியிலும் அடங்காது, உள்ளே கொதிக்கிற கஞ்சி வேறு. அதை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிடுவோம். ஒருமுறை சோதனைச்சாவடியில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அடுப்புக்கு வருகிறேன். இரண்டு வகை பார்த்தோம். சின்னப் புட்டி கேஸ் போடுகிற போர்ட்டபிள் ஸ்டவ், இல்லையென்றால் 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வண்டியில் போடலாமா என்று கேட்காதீர்கள். ஓரிரு நாளுக்குப் புட்டி போதும். அதில் நான் கற்றுக்கொண்டது பாத்திர அளவு பற்றித்தான். அந்த ஸ்டவ்வில் புட்டி பர்னருக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். அத்தையின் பெரிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை அதில் வைத்தோம், கல் பர்னரைத் தாண்டி, புட்டியின் மூடிக்கு மேலேயும் கூரை மாதிரி நீண்டது. மூன்றாவது தோசையில் மூடியைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. உடனே அணைத்துவிட்டோம். அந்தச் சூடு உள்ளே இருக்கிற கேஸுக்கு ஏறினால் புட்டியே வெடிக்கும். ஸ்டவ்வின் அகலத்துக்கு உள்ளேயே, புட்டிப் பக்கம் நீளாமல் இருக்கிற கல்தான் வேண்டும். இப்போது வைத்திருப்பது எட்டு அங்குல இரும்புக்கல், தோசை சின்னதாகத்தான் வரும், மகளுக்கு அதுதான் பிடிக்கிறது. காற்று அடிக்கிறது என்று ஸ்டவ்வைச் சுற்றித் தகடு வைத்து மறைப்பதிலும் இதே ஆபத்து. காற்று வருகிற ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள், புட்டி இருக்கிற பக்கம் திறந்தே இருக்கட்டும்.

சேலம் வெயிலில் நிறுத்தின வண்டிக்குள் புட்டியை விட்டுவைக்கவும் கூடாது. எத்தனை டிகிரிக்கு மேல் ஆகாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், சித்திரை மாதத்தில் மூடின வண்டி அதைச் சுலபமாகத் தாண்டும். ஊருக்கு வந்ததும் முதலில் இறக்குவது அதைத்தான். சிலிண்டர் கொண்டுபோகிறவர்கள் வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், மேலே ஜன்னலைத் திறந்துவிட்டோம் என்பது போதாது, பக்கக் கதவையே திறக்க வேண்டும். சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியில். மழை பெய்தால் பின் கதவைத் தூக்கி அதன் அடியில். குளிருக்கு இதமாக இருக்கும் என்று அடுப்பை உள்ளே எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது, அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயு வாசம்கூட இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும், இதில் மட்டும் நான் விளையாட்டாகப் பேசுவதில்லை. விறகு அடுப்பும் நாங்கள் வைப்பதில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், அதோடு மாசி பங்குனியில் சருகு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

டப்பாக்களில் ஒரு வேடிக்கை. மலை ஏறியதும் கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட் உப்பலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைத்த காற்று விரிகிறது. உங்கள் எண்ணெய்ப் புட்டிக்கும் அதேதான். பாதி எண்ணெய், பாதி காற்று என்று கொண்டுபோனால் அந்தக் காற்று விரிந்து, அழுத்தித் திறக்கிற மூடி வழியாக எண்ணெயைத் துப்பிவிடும். திருகு மூடி போட்ட சின்னப் புட்டியில் கழுத்து வரைக்கும் ஊற்றுங்கள், நிமிர்த்தி வையுங்கள். இட்லி மாவுதான் இதில் மகா மோசம், சேலத்துச் சூட்டில் அது ஏற்கெனவே பொங்கிக்கொண்டிருக்கும், மேலே போகப் போக அழுத்தமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். டப்பாவில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாமல், பாதி வழியில் நிறுத்தி ஒருமுறை மூடியைத் திறந்து மூடுவோம். இறங்கும்போது தலைகீழ், மேலே இறுக்கி மூடின காலி தண்ணீர் பாட்டில் கீழே வரும்போது நசுங்கியிருக்கும், டிபன் டப்பா மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு திறக்கவே வராது.

அஞ்சறைப்பெட்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். அழகுதான், ஆனால் முதல் வளைவிலேயே கடுகும் சீரகமும் ஒன்றாகிவிடும். எங்கள் பெட்டியோ அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை, வழியில் கதவைப் பாதி திறந்து வைத்த நேரத்தில் ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு தடுப்புச் சுவரில் ஏறி உட்கார்ந்து, நிதானமாகத் திறந்து, மிளகாய்த்தூளில் விரலை விட்டுவிட்டுத் தூக்கி எறிந்தது. இப்போது தாளிப்புச் சாமான் எல்லாம் ஒரே கலவையாக ஒரு சின்ன டப்பாவில், கடுகு, உளுந்து, சீரகம், மிளகாய் வற்றல் கிள்ளிப்போட்டது. தாளிக்கும்போது ஒரே கரண்டி.

கழுவுவதற்குத் தண்ணீர்தான் தட்டுப்பாடு. முதலில் பழைய பேப்பரால் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டு, அப்புறம் தேங்காய் நாரும் கொஞ்சம் தண்ணீரும். ஏரியில் கழுவுவதற்கு இறங்காதீர்கள். சாப்பிட பாக்குமட்டைத் தட்டு, பிளாஸ்டிக் தட்டும் கப்பும் 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. இரும்புக்கல்லைத் துடைத்துச் சூடு காட்டி நல்லெண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி வைக்காவிட்டால் மலை ஈரத்துக்கு ஒரே ராத்திரியில் செம்மண் பூத்துவிடும்.

இத்தனையும் சரி செய்த பிறகும் ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஒன்று குறைந்தது. காரணம், வண்டிச் சாமானை வீட்டில் எடுத்துப் புழங்கிவிடுவோம். இடுக்கி வீட்டு அடுப்படிக்குப் போகும், திரும்ப வராது. மறுபடி அதே செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு எல்லாவற்றையும் எடுத்துப்போய், பெயர் வெட்டித் தரச் சொன்னேன். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு பையன் "என்ன பேருங்கக்கா" என்றான். வண்டி என்றேன். "மாப்ள பேருங்களா?" என்று கேட்டான், பாவம், தினமும் சீர்ப் பாத்திரமே வெட்டுகிறவன். குண்டான், குக்கர், சிப்பல் தட்டு, கரண்டி, இடுக்கி எல்லாவற்றிலும் புள்ளிப் புள்ளியாக 'வண்டி' என்று வெட்டிக் கொடுத்தான், கிளறுகிற கரண்டியில் இடம் போதாமல் 'வண்' மட்டும்.

அதற்குப் பிறகு எதுவும் காணாமல் போகவில்லை. அத்தையின் பித்தளை பில்டர் மட்டும்தான் பெயர் வெட்டாமல் வருகிறது, அதில் ஏற்கெனவே அத்தையின் அம்மா பெயர் இருக்கிறது. அதற்கு கிரேட்டும் கிடையாது, துண்டும் கிடையாது. 20 வளைவுக்கும் அத்தையின் மடியில்தான்.